பழைய டிஸ்க் வாங்கப் போகும் பிக்கப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காந்திகிராமம்,
திண்டுக்கல் மாவட்டம்.

சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்குகிறவர்களுக்கும், நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மதுரைக்கு ஓடுகிறவர்களுக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடுக்குக் காத்துக் கிடக்கிறவர்களுக்கும், சின்னாளபட்டி, அம்பாத்துரை, காந்திகிராமம் பக்கம் பிக்கப் வைத்துப் பிழைக்கிற எல்லா அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் சக்கர வேலை பார்க்கிறவன். பஞ்சர், டிஸ்க், டிரம், பேரிங் என்றுதான் பொழுது போகிறது. உங்களில் பலர் இப்போது செகண்ட்ஸில் கம்பெனி டிஸ்க் வாங்கி மாட்டுகிறீர்கள். அதில் தப்பே கிடையாது. நாலு புது டிஸ்க் வாங்குகிற காசு ஒரு மாதத் தவணையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பெயர் தெரியாத புது டிஸ்க்கைவிட, விபத்தில் அடிபடாத வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் டிஸ்க் எவ்வளவோ மேல். சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடினால் நல்ல சரக்கு கிடைக்கத்தான் செய்கிறது. ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. "ஓட்டை சரியா இருக்குண்ணே, மாட்டிரலாம்" என்று சொல்லி அதோடு சோதனையை முடித்துக்கொள்கிறீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது.

ஓட்டை சரியாக இருந்தால் டிஸ்க் ஹப்பில் ஏறும், நட்டும் முறுகும். ஆனால் அந்தச் சக்கரம் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதற்கு அது பதில் ஆகாது. இன்னும் நாலைந்து கேள்வி பாக்கி இருக்கிறது. காசு கொடுக்கும் முன்பே அத்தனையையும் கேட்டுவிட அரை மணி நேரம் போதும்.

முதலில் ஓட்டை வட்டம். பட்டறையில் பி.சி.டி. என்பார்கள். ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் எல்லாம் விழுகிற வட்டத்தின் குறுக்களவு அது. ஆறு ஓட்டை டிஸ்க்கில் அளப்பது சுலபம். ஓர் ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து நேரெதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை பிடித்தால் வந்துவிடும். ஐந்து ஓட்டையில் நேரெதிர் ஓட்டை கிடையாது. அங்கேதான் பலரும் கண்ணளவில் விட்டுவிடுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து, அதை 1.7-ஆல் பெருக்குங்கள். 82 மில்லிமீட்டர் வந்தால் வட்டம் ஏறக்குறைய 139.7. அதாவது ஐந்தரை அங்குலம், பழைய வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வருகிற அளவு. மாருதி ஜிப்ஸியிலும் ஜிம்னியிலும் இதே அளவுதான். 67 வந்தால் வட்டம் 114.3, அது பெரும்பாலும் கார், சின்ன எஸ்யூவி வகை. டேப்பால் அளக்காதீர்கள், வெர்னியர் இருக்கிற பட்டறையில் அளந்துகொள்ளுங்கள்.

ஏன் மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் ஓடுகிற கனரக பிக்கப்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எட்டு ஓட்டை. ராம் 2500-க்கு வட்டம் 165.1 மி.மீ. ஃபோர்டு சூப்பர் டியூட்டிக்கு 1999 முதல் 170. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்களும் முன்பு 165.1-தான், 2011 முதல் 180. ராம் டிஸ்க்கையும் ஃபோர்டு டிஸ்க்கையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. இருப்பது 4.9 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதை அடித்துப் பிடித்து மாட்டினால் ஸ்டட் சாய்ந்து நிற்கும், நட்டு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். மாட்டும்போது கை இறுக்கமாகத்தான் உணரும், லோடு ஏறி நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் நட்டு பேசத் தொடங்கும். அந்த வண்டிகள் நம் ஊரில் ஓடாமல் இருக்கலாம், ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போவதால் மட்டும் ஏமாறக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது நடு ஓட்டை. நம் சாலையில் இப்போது ஹைலக்ஸும் ஐசுசு டி-மேக்ஸும் கண்ணில் படுகின்றன. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டேவர் டிஸ்க்குகளும் பழைய சந்தைக்கு வருகின்றன. 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் அந்த வண்டிகள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. இவை மூன்றுமே ஆறு ஓட்டை, 139.7 வட்டம். "ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம்" என்று விற்கிறவர் அடித்துச் சொல்வார். ஆனால் ஹைலக்ஸின் நடு ஓட்டை 106.1 மி.மீ., எண்டேவருக்கு 93.1. எண்டேவர் டிஸ்க் ஹைலக்ஸ் ஹப்பின்மேல் ஏறவே ஏறாது. அதை யாரும் மாட்ட முடியாது என்பதால் அதில் ஆபத்தும் இல்லை. ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. ஹைலக்ஸ் டிஸ்க் எண்டேவர் ஹப்பில் தாராளமாக ஏறும், சுற்றிலும் ஆறரை மில்லிமீட்டர் சந்து விட்டுக்கொண்டு. பல வண்டிகளில் டிஸ்க்கை நடுவில் நிறுத்துவது, ஹப்பின் நடுவே புடைத்து நின்று நடு ஓட்டைக்குள் உட்காருகிற உதடுதான். அது தாங்காமல் போனால் நடுப்படுத்துகிற வேலை முழுவதும் நட்டுகளின் தலையில் விழும். ஸ்டியரிங் நடுங்கும். நீங்கள் பேலன்சிங் செய்து செய்து காசை விடுவீர்கள்.

இங்கே கம்பெனி டிஸ்க் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் காந்திகிராமத்தை 1947-ல் தோற்றுவித்த டாக்டர் சௌந்தரம் அம்மா, டி.வி.எஸ். நிறுவிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். அதே டி.வி.எஸ். குடும்பத்தின் வீல்ஸ் இந்தியா 1960 முதல் இருந்து வருகிறது, சென்னை பாடியில் எஃகு டிஸ்க் செய்கிற தொழிற்சாலை. டாக்டர் அம்மாவின் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு பற்று உண்டு. அப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் ஒரு டிஸ்க்கை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? எடையை ஏற்றி, சுழலும் பெரிய உருளையின்மேல் லட்சக்கணக்கான சுற்று ஓட விடுகிறார்கள். வளைவில் திரும்பும்போது வருகிற முறுக்கைத் தனியாகக் கொடுத்து, விரிசல் விடுகிறதா என்று பார்க்கிறார்கள். கம்பெனி டிஸ்க்கை நம்பலாம் என்பது இந்தச் சோதனைகளால்தான். ஆனால் சோதித்தது ஒரு குறிப்பிட்ட எடைக்கு, ஒரு குறிப்பிட்ட அச்சுக்கு. காருக்குத் தேறிய டிஸ்க்கைப் பிக்கப்பில் மாட்டினால் 'ஒரிஜினல்' என்ற முத்திரை அங்கே துணைக்கு வராது.

மூன்றாவது, நீங்கள் அதிகம் கவனிக்காதது, ஆஃப்செட். ஹப்பில் ஒட்டுகிற முகம், டிஸ்க்கின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. பல டிஸ்க்குகளில் ET என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எண் குத்தியிருக்கும். இல்லையென்றால் கவலை வேண்டாம். டிஸ்க்கை உள்பக்கம் மேலே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கம்பியையோ பட்டையையோ வைத்து, அதிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரைக்கும் ஆழத்தை அளங்கள். உங்கள் பழைய டிஸ்க்கிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் வாங்கப் போகும்போது கையோடு பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துப் போகச் சொல்கிறேன்.

சக்கரம் வெளியே தள்ளி நின்றால் வண்டி அகலமாக, கெத்தாகத் தெரியும். இளவட்டங்களுக்கு அது பிடிக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் எடை பேரிங்கின் நடுவில் விழாமல் வெளிப்பக்கம் இழுக்கும். பேரிங் சீக்கிரம் போகும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை உதறும், லோடு ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும். உள்ளே தள்ளி நின்றால் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கிலும், முன்பக்கம் டை ராடிலும் பிரேக் காலிப்பரிலும் உரசும். காலி வண்டியில் எதுவும் உரசாது என்பதுதான் இதில் உள்ள சூது. பட்டை ஸ்பிரிங் லோடில் அமரும், திருப்பத்தில் டயர் வளையும், அப்போதுதான் சந்து காணாமல் போகும். பின்னால் இரட்டை டயர் போடும் வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த டிஸ்க்கை மாட்டினால் இரண்டு டயரும் லோடில் ஒன்றையொன்று தொட்டுத் தேய்ந்து, சூடாகி, ஓடும்போதே வெடிக்கும்.

நட்டு விஷயம் சின்னதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் நட்டு உட்காரும் இடம் கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். டொயோட்டா அலாய் பலவற்றுக்கு வாஷர் வைத்த தட்டை நட்டு வரும். எஃகு டிஸ்க்குக்குக் கூம்பு நட்டு வேண்டும். டிஸ்க் வாங்கும்போதே அதற்குரிய நட்டையும் கேட்டு வாங்குங்கள். அலாய் தடிமன் அதிகம் என்பதால் ஸ்டட் நீளம் போதாமல் போகலாம். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 12 மி.மீ. ஸ்டட், மரை 1.5 என்றால் நட்டு குறைந்தது எட்டுச் சுற்று முறுக வேண்டும். ஐந்து, ஆறு சுற்றில் நின்றுவிட்டால் அந்த டிஸ்க் உங்களுக்கு இல்லை.

இப்போது எடைக்கு வருகிறேன். நான் சண்டை போடுவதெல்லாம் இதற்காகத்தான்.

உங்கள் ஆர்.சி.யை எடுத்து லோடோடு மொத்த எடை என்ன என்று பாருங்கள். 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏறிய பிக்கப்பில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழுகிறது என்றால், அங்கே 2,000 கிலோ. ஒரு பின்சக்கரத்துக்கு 1,000 கிலோ. ஏழு பேர் உட்காரும் ஒரு வண்டி ஆளோடும் சாமானோடும் 2,500 கிலோ இருந்தால் அதன் ஒரு சக்கரம் சுமப்பது 650-ஐச் சுற்றித்தான். ஓட்டை ஒன்று, வட்டம் ஒன்று, பார்க்கவும் அழகு. சுமக்க வேண்டியதோ ஒன்றரை மடங்கு. டயரிலும் இதே கதை. டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு வருகிற எண்ணைப் படியுங்கள். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. டிஸ்க்கோடு டயரும் சேர்த்து வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் படிக்காமல் நகராதீர்கள். அலாயில் பெரும்பாலும் உள்பக்கம் அதிகபட்ச எடை வார்த்திருக்கும். எஃகு டிஸ்க்கில் அது இல்லாவிட்டால், உங்கள் வண்டியின் அதே மாடல், அதே டன் வகையிலிருந்து கழற்றியதா என்று பாருங்கள். ஒரே பெயரில் 1.3 டன், 1.7 டன் என்று பல வகை விற்கிற காலம் இது. வண்டிப் பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது.

இந்த 1,000 கிலோவும் வண்டி சமதரையில் நிற்கும்போது. சிறுமலை இறக்கத்தில் 18 கொண்டை ஊசி வளைவு. வாழைத்தார் அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டி, பிரேக் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்புகிறீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எடை வெளிச்சக்கரத்துக்குச் சாய்கிறது, பிரேக் பிடிக்க முன்பக்கம் சரிகிறது. அந்த நொடியில் ஒரு முன்சக்கரம் சுமப்பது ஆர்.சி. கணக்கைவிட மிக அதிகம். அதற்கும் தாங்கும்படிதான் உங்கள் வண்டியின் டிஸ்க்கை வடிவமைத்திருப்பார்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதேதான்.

பின்னால் ஆள் ஏறுவதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. களையெடுக்கவும் பூப்பறிக்கவும் போகிற அக்காமாரும் ஆத்தாமாரும் உங்கள் வண்டியில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம், அது உங்களுக்கும் தெரியும். ஏற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குச் சக்கரத்தில் என்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சக்கரம் கழன்றால் முதலில் கீழே விழுகிறவர்கள் அவர்கள்தான்.

சட்டத்தையும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அகலமான, பெரிய சக்கரம் மாட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் படம் பிடிப்பது அந்தச் சக்கரத்தைத்தான். பில் வாங்குங்கள். பில் தராதவரிடம் டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இனி டிஸ்க்கின் உடம்பு. புதிதாக வெள்ளி பெயின்ட் அடித்த பழைய டிஸ்க்கைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். ஒரு தம்பி அப்படி நாலு கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. இரண்டு நட்டு ஓட்டைகளுக்கு நடுவே பெயின்டைச் சுரண்டிவிட்டு, டீசலில் நனைத்த துணியால் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்தேன். பிறகு சாக்பீஸை அரைத்துத் தூவினேன். வெள்ளைத் தூளின்மேல் ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு நனைந்துகொண்டு வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த டீசல் தூளை ஈரமாக்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. மற்ற மூன்றும் நல்ல டிஸ்க். இந்தச் சோதனைக்கு மிஷின் ஒன்றும் வேண்டாம், கடை வாசலிலேயே செய்யலாம். நட்டு ஓட்டைகளைச் சுற்றியும், நடுத்தட்டு வளையத்தோடு வெல்டிங் ஆகும் இடத்திலும் கட்டாயம் செய்யுங்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாக இழுத்திருந்தால் அந்த டிஸ்க் லூஸ் நட்டோடு ஓடியது என்று அர்த்தம். பெண்டு எடுத்திருந்தால் விளிம்பில் சுத்தியல் தடம் தெரியும். விரிசலின்மேல் வெல்டிங் வைத்திருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் தேறிய டிஸ்க்கை மாட்டும் முறை இது. ஹப் முகத்தில் இருக்கிற துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். டிஸ்க்கின் ஒட்டும் முகத்தில் தடியாகப் பெயின்ட் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயின்ட் சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கி, நட்டு தானாகவே தளர்ந்துவிடும். நட்டைக் கையாலேயே முதலில் முறுக்க வேண்டும், கையில் வராத நட்டுக்கு ஸ்பேனர் போடாதீர்கள். எதிரெதிராக இறுக்குங்கள். ஜாக்கியில் நிற்கும்போதே சக்கரத்தைச் சுற்றிவிட்டு, விளிம்புக்கு அருகே ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். பிறகு கீழே இறக்கி, வழக்கமான லோடை ஏற்றி, இன்னொரு முறை டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சந்து பாருங்கள். முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி இறுக்குங்கள். ஸ்டெப்னியும் இதே அளவில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ராத்திரியில் நாலுவழிச் சாலை ஓரத்தில் ஸ்டெப்னி ஏறாமல் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி முதலாளிமாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். டிரைவர் டிஸ்க்கைப் பார்த்து அளந்து வாங்க ஒரு நாள் கேட்டால் கொடுங்கள், அந்த நாளுக்குப் படியையும் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த டிஸ்க்கை, விலை குறைகிறது என்று நீங்கள் போனில் பேசி முடிக்காதீர்கள்.

விரிசல் கண்ட டிஸ்க்கை அப்படியே காயலாங்கடைக்குப் போடுகிற வழக்கத்தை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும். எடைக்குப் போட்ட டிஸ்க்குக்கு எங்கோ ஒருவர் வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, நம்மைப் போன்ற இன்னொரு டிரைவரிடம் விற்றுவிடுகிறார். கழித்துப் போட்டதை கேஸ் கட்டரால் குறுக்கே அறுத்துவிட்டுப் போடுங்கள். எடை குறையாது, விலையும் குறையாது. என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் நானே அறுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சக்கர வேலைக்காரன்